மர டீயா, பிளாஸ்டிக் டீயா?

கோல்ஃப் கடையில் இருக்கும் சாமான்களில் ஆகச் சின்னது டீ. ஆக நீளமான பேச்சை வாங்கித் தருவதும் அதுதான்.

நான் பதினொரு வருடமாக நிற்கும் கடை, கண்டிக்குக் கிழக்கே நீர்த்தேக்கத்துக்கு மேலே இருக்கும் ஒரு கோல்ஃப் மைதானத்தில் இருக்கிறது. காலையில் வத்தேகமவில் பஸ் ஏறினால் எட்டு மணிக்குக் கதவைத் திறந்துவிடலாம். கோல்ஃப் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும்போது பந்தைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி வைக்க ஒரு சின்ன முளை வேண்டும். விரல் நீளம் இருக்கும். கீழே கூர், மேலே பந்து உட்காரக் குழிந்த தலை. அதற்குப் பெயர்தான் டீ. மரத்திலும் வரும், பிளாஸ்டிக்கிலும் வரும். இந்த இரண்டில் எது நல்லது என்பதற்கு உலகம் முடியும் வரைக்கும் தீர்ப்பு வராது.

வேலை கிடைத்த அன்று "டீ விக்கிற வேலைம்மா" என்று வீட்டில் சொன்னேன். அம்மா ஹுன்னஸ்கிரியப் பக்கம் இருபத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தவர். "அதுக்கா ஏ.எல். வரைக்கும் படிச்சே?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். மறுநாள் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவர் அதற்கு "ஆணி" என்று பெயர் வைத்தார். எங்கள் வீட்டில் இன்றைக்கும் நான் ஆணி விற்கிறவள்தான்.

புடவைக் கடையில் ஒரே நீலத்தில் பதினாறு நீலம் எடுத்துப் போட்டவர்கள், பார்மசியில் "அதே மாத்திரைதான், ஆனா பழைய பெட்டியில வேணும்" என்று கேட்கப்பட்டவர்கள், செருப்புக் கடையில் இடது காலை மட்டும் நாலு தரம் மாற்றிக் கொடுத்தவர்கள் எல்லோரும் என் சொந்தக்காரர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். ஒரு வித்தியாசம் உண்டு. என்னைப் பாடாய்ப் படுத்தியவர்களை நினைத்தால் எனக்குக் கோபத்தை விட மரியாதைதான் அதிகமாக வருகிறது. ஏன் என்று நீங்களே பாருங்கள்.

காதால் வாங்குகிறவர்

சேர்ந்த முதல் வாரம். வீரக்கோன் என்று ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் ஒருவர் வந்தார். கட்டுகஸ்தோட்டையில் வீடு. சிங்களத்தில்தான் பேசுவார். என்னை "துவ" என்று கூப்பிடுவார். மகள் என்று அர்த்தம். மர டீ கேட்டார். பக்கற்றை நீட்டினேன். அவர் அதைப் பிரித்து, ஒவ்வொன்றாக ஒரு சாண் உயரத்திலிருந்து என் கண்ணாடி மேசையில் போட ஆரம்பித்தார். டிக். டிக். டப். டப் என்று விழுந்ததை ஒதுக்கி வைத்தார். மறுபடி டிக், டிக். பின்னால் மூன்று பேர் காத்து நின்றார்கள். முதல் வாரமே இப்படி ஒருவரா என்று எனக்கு வேர்த்துவிட்டது.

அவர் போன பிறகு ஒதுக்கியவற்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. மற்றதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. லேசாக வளைத்தேன், சட்டென்று முறிந்தது. அடுத்த மாதம் அவர் வந்தபோது சும்மா இருக்க முடியாமல், வெடித்த ஒன்றைப் பொறுக்கி நல்லவற்றுக்கு நடுவில் கலந்து வைத்தேன். அவர் பக்கத்தில் நின்றவரோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே போட்டுக்கொண்டிருந்தார். மேசையைப் பார்க்கவேயில்லை. என்னுடைய டீ விழுந்ததும் பேச்சு நிற்காமலேயே கை மட்டும் அதை ஒதுக்கியது. அன்றிலிருந்து அவருக்குக் கண்ணாடியைத் துடைத்து வைத்துவிட்டுக் காத்திருப்பது என் வழக்கம். ஒருநாள் தைரியம் வந்து, பிளாஸ்டிக் வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லையே என்று கேட்டேன்.

"அது நல்லா இருந்தாலும் ஒரே சத்தம், வீணாப் போனாலும் ஒரே சத்தம், துவ. எதையும் காட்டிக்கொள்ளாத ஆளுக்கு நான் வங்கியிலேயே கடன் கொடுத்ததில்லை."

தொப்பி நிறைய

விளையாடுகிறவரின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு, எந்த அடிக்கு எந்த மட்டை என்று சொல்லிக்கொண்டு கூடவே நடப்பவர் கெடி. சொல்லும்போது கவனமாகச் சொல்ல வேண்டும். கொஞ்சம் இழுத்துவிட்டால் பொலிஸ் தேடுகிற ஆளாகிவிடும். எங்கள் கெடிகளில் மல்லிகாவும் ஒருத்தி. ஹுன்னஸ்கிரியத் தோட்டத்துப் பிள்ளை. முதலில் மைதானத்தில் புல் பிடுங்க வந்தவள், இரண்டு வருடத்தில் பை தூக்கத் தொடங்கினாள்.

ஒருநாள் வெளிநாட்டுத் தம்பதி ஒன்று வந்தது. அந்த அம்மா பிளாஸ்டிக் டீ இருந்த தட்டைப் பார்த்ததும் பாம்பைப் பார்த்தது போலப் பின்வாங்கினார். மர டீயை எடுத்து, இது எந்த மரம், எங்கே வெட்டினார்கள், வெட்டிய இடத்தில் மறுபடி நட்டார்களா என்றெல்லாம் கேட்டார். பெட்டியின் நாலு பக்கத்தையும் வாசித்துக் காட்டினேன். மரத்தின் பெயர் எதிலும் இல்லை. அரை மனதோடு வாங்கிக்கொண்டு போனார். மல்லிகாதான் அவருக்குக் கெடி. நாலரை மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்தபோது முகமெல்லாம் வெயிலில் சிவந்திருந்தது. தலையில் தொப்பி இல்லை. கையில் இருந்தது. அதைக் கவிழ்த்தார். என் மேசை முழுக்கப் பிளாஸ்டிக் டீ! சிவப்பு, மஞ்சள், செம்மஞ்சள், பாதி, கால், தலை மட்டும். சிரித்துக்கொண்டே கை கழுவப் போனார். எத்தனை அடியில் ஆட்டத்தை முடித்தார் என்று மல்லிகாவிடம் கேட்டேன்.

"எங்க முடிச்சாங்க, அக்கா? பந்து ஒரு பக்கம் போகுது, அவங்க ஆணி கெடக்கிற பக்கம் போறாங்க. ஆனா ஒன்னு, இவ்வளவு சந்தோசமா தோத்த ஆள நான் பார்த்ததே இல்ல!"

சுமனதாசவின் பிளேட்

பந்து அடிக்கத் தொடங்கும் மேடைகளில் புல் வெட்டுவது சுமனதாச அண்ணன். அந்த மெஷினின் கத்திகளை அவர் தன் சவரக் கத்தியைப் போலப் பார்த்துக்கொள்வார். வாரத்தில் ஒருநாள் கழற்றித் தீட்டி, ஒரு பத்திரிகைத் தாளைக் கொடுத்துப் பார்ப்பார். தாள் முனகாமல் இரண்டாகப் போனால்தான் திரும்பப் பூட்டுவார்.

ஒருநாள் காலை அவர் கடைக்குள் வந்தார். பூட்ஸோடு அவர் உள்ளே வருவதே இல்லை, அன்று வந்தார். மேசையில் கத்தியை வைத்தார். நடுவில் ஒரு பல் விழுந்தது போல ஓட்டை. பக்கத்தில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் டீயின் தலை. அப்போது கடையில் நின்ற நாலு பேரில் இரண்டு பேர் பிளாஸ்டிக் கட்சி. ஒரு டீ வருடக் கணக்கில் வரும், மரத்தை வெட்டத் தேவையில்லை என்று தொடங்கினார்கள். மரக் கட்சிக்காரர்கள் விடுவார்களா? வருடக் கணக்கில் வரும் என்பதுதானே பிரச்சினை, மண்ணுக்குள்ளும் வருடக் கணக்கில் கிடக்கும் என்றார்கள். சண்டை கமிட்டி வரைக்கும் போனது. அடுத்த மாதத்திலிருந்து மைதானத்தில் மர டீ மட்டும்தான் என்று தீர்மானம் வந்தது. நான் பிளாஸ்டிக் தட்டை எடுத்துப் பெட்டியில் போட்டு அலுமாரிக்கு மேலே ஏற்றினேன். அன்று சுமனதாச அண்ணன் அவ்வளவு பேர் பேசியதற்கும் குறுக்கே ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார்.

"மரத்தை என் மெஷின் தின்றுவிடும், மண்ணும் தின்றுவிடும். இதைத் தின்னச் சொன்னால் அது ரெண்டுக்கும் பல் போகிறது."

வளையம் வைத்த நீல டீ

அந்தத் தீர்மானம் எல்லோருக்கும் நல்லதாகத்தான் இருந்தது, ஒருவரைத் தவிர. குலசிங்கம் ஐயா யாழ்ப்பாணத்தவர், நீர்ப்பாசன இஞ்ஞினியராக இந்தப் பக்கம் வந்து, ஓய்வுபெற்ற பிறகும் கண்டியிலேயே இருந்துவிட்டவர். சில வருடங்களாக அவருக்குக் கை நடுக்கம். தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும்தான் பிடிப்பார். ஆனால் மட்டையைப் பிடித்துவிட்டால் கை கல்லாகிவிடும். அடி நேராகப் போகும். பந்தை வைப்பதுதான் பாடு. அதற்கு அவர் ஒரு வகைப் பிளாஸ்டிக் டீ கண்டுபிடித்து வைத்திருந்தார். நீல நிறம். தலை அகலம். இடுப்பில் ஒரு வளையம். வளையம் தரையைத் தொடும் வரைக்கும் அழுத்தினால் ஆடாமல் நிற்கும். அகன்ற தலையில் பந்து உருளாது.

தீர்மானம் வந்த முதல் சனிக்கிழமை. முதல் மேடை என் ஜன்னலுக்கு நேரே. ஐயா மர டீயோடு குனிந்தார். டீ சாய்ந்தது. நிமிர்த்தி வைத்தார், பந்து விழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது. அன்றைக்கு அவருக்குக் கெடி மல்லிகா. அவள் பொறுக்க முடியாமல் குனிந்தாள். "விடு பிள்ளை. பந்தை நான்தான் வைக்கவேணும்" என்று மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. நாலாவது தரம் நின்றது. அடித்தார். அழகான அடி. ஆனால் அடுத்த மேடையிலும் அதே கதை, அதற்கடுத்ததிலும் அதே கதை. பின்னால் வந்த கூட்டம் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டதாம். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் அவரை அதிகமாக வருத்தியிருக்க வேண்டும்.

நாலாவது குழியோடு திரும்பி வந்தார். கடைக்கு வந்து, உடை மாற்றும் அறையில் தனக்கிருந்த அலுமாரியைப் பூட்டும் திறப்பை மேசையில் வைத்தார். "இதைச் செயலாளரிட்டக் குடுத்துவிடு பிள்ளை. இனி எனக்குத் தேவையில்லை." கதிரையைப் போட்டு ஏறி, அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியைத் திறந்து, நீல டீ பக்கற் ஒன்றை எடுத்து நீட்டினேன். யாருக்கும் தெரியாது ஐயா, வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சிரித்தார். "எனக்கெண்டு ஒரு விதி, மற்றவைக்கு ஒரு விதி எண்டா, பிறகு அதுக்குப் பேர் விதியில்லை" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். திறப்பை நான் செயலாளரிடம் கொடுக்கவில்லை. என் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் சுமனதாச அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். பிளாஸ்டிக் பேச்சை எடுத்ததற்கு ஏச்சு விழும் என்று நினைத்தேன். அவர், "என்ன நிறம்?" என்று மட்டும் கேட்டார். நீலம், வளையம் வைத்தது என்றேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, மெஷின் கொட்டிலுக்குப் போய் ஒரு பால்மா டின்னோடு வந்தார். புல்லில் பொறுக்கிய பிளாஸ்டிக் டீ எல்லாவற்றையும் அதில்தான் போட்டு வைத்திருந்தார். பேப்பரில் கொட்டி, விரலால் கிளறினார். சிவப்பு இருந்தது, மஞ்சள் இருந்தது, வெள்ளை இருந்தது. நீலம் ஒன்றுகூட இல்லை. இரண்டாம் தரமும் கிளறினார். பிறகு அப்படியே டின்னில் அள்ளிக்கொண்டு செயலாளர் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது. கடையிலிருந்து எல்லாம் கேட்டது. அந்தக் கிழமையே கமிட்டி கூடி, கையில் நோவோ நடுக்கமோ உள்ளவர்கள் எந்த டீயும் வைக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தது. அடுத்த சனிக்கிழமை குலசிங்கம் ஐயா வந்து, என் லாச்சியிலிருந்த திறப்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். செயலாளர் அறையில் சுமனதாச அண்ணன் சொன்னது இதுதான்:

"இத்தனை வருடத்தில் இந்த மனிதனுடைய டீ ஒன்று என் கத்தியில் பட்டதில்லை, சேர். கை நடுங்குகிறவர் குனிந்து எடுத்துக்கொண்டு போகிறார். சட்டத்தைக் கை நடுங்காதவர்களுக்குப் போடுங்கள்."

பேசினுக்குள் தேக்கு

பால்மாவுக்கும் பெற்றோலுக்கும் வரிசை நின்ற காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இறக்குமதி நின்றுபோன சாமான்களில் டீயும் ஒன்று. அதற்காக யாரும் அழவில்லை, அழுதால் வெட்கக்கேடு. ஆனால் ஒரே வாகனத்தில் நாலு பேராக ஏறி வந்து விளையாடியவர்கள், என் வெறும் தட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் திரும்பும்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கும். சிலர் பந்தை மண்ணைக் கூட்டி அதன் மேல் வைத்து அடித்தார்கள். கெடிகளுக்கும் வேலை குறைந்துகொண்டே போனது.

அக்குறணையில் மெயின் ரோட்டில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்த ஹாஜியார் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். வாளி, பேசின், கதிரை, குடம் எல்லாம் விற்பவர். ஆனால் கமிட்டியின் தீர்மானத்துக்கு முன்பிருந்தே மைதானத்தில் மர டீ மட்டும்தான் குத்துவார். "கடைச் சாமானில ஹாஜியாருக்கே நம்பிக்கை இல்ல" என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அவர் ஒருநாள் என்னிடம், "தங்கச்சி, ஒங்கட கிட்ட பழைய டீ ஒண்டு ஈக்குதா? மாதிரிக்கு" என்று கேட்டார். லாச்சியில் கிடந்த ஒன்றைக் கொடுத்தேன். அவருடைய மச்சான் தளபாடம் செய்கிற பட்டறை வைத்திருந்தார். கதிரைக் கால் கடைகிற மெஷின் அங்கே இருக்கிறது. வெட்டி மிஞ்சிய தேக்குத் துண்டுகளும் இருக்கின்றன.

முதல் தடவை வந்தவை டீ மாதிரியே இல்லை. சின்னப் பிள்ளைகளின் கட்டிலுக்குக் கால் வைக்கலாம். பந்தை வைத்துப் பார்த்தார், விழுந்தது. எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். இரண்டாம் தடவை கூர் சரி, தலை பிழை. மூன்றாம் தடவை நான் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் கடையில் விற்பதற்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. தேக்கு என்பதால் கனம் மட்டும் கொஞ்சம் கூட. தன் கடையிலிருந்து கொண்டுவந்த ஒரு பச்சைப் பேசினில் நிறையக் கொட்டி, என் மேசையில் வைத்தார். வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளட்டும், தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார். பெயரைச் சொல்லாமல் எப்படி இருக்கும்? பேசினின் அடியில் அவருடைய கடையின் முத்திரை இருந்ததே. தேக்கில் டீ குத்தும் யோகம் எங்கள் மைதானத்துக்கு மட்டும்தான் என்று அந்த வருடம் முழுக்க ஆட்கள் பெருமை பேசினார்கள். கெடிகள் பழையபடி வரத் தொடங்கினார்கள். கடைசியில் மரம்தான் பெரிது என்று ஒத்துக்கொண்டீர்களா ஹாஜியார் என்று ஒருவர் சீண்டினார்.

"ரெண்டும் தேவைதான். மரத்தைக் குத்தோணும், பிளாஸ்டிக்ல அள்ளோணும்."

கெடிகளின் நாள்

வருடத்தில் ஒருநாள் எங்கள் மைதானம் தலைகீழாகும். அன்று கெடிகள் விளையாடுவார்கள், அங்கத்தவர்கள் பை தூக்குவார்கள். யாருக்கு யார் என்று சீட்டுக் குலுக்குவோம். முதலாவதாக வருகிறவர் நுவரெலியாவில் நடக்கும் போட்டிக்குப் போகலாம்; அங்கே மற்ற மைதானங்களின் கெடிகளும் வருவார்கள். போன தடவை இருபத்து மூன்று பேரில் பெண் ஒருத்திதான், மல்லிகா. அவளிடம் மட்டை கிடையாது. கடையில் வாடகைக்குக் கொடுக்கும் பழைய மட்டைகளில் வளையாதவையாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தேன். சீட்டில் அவளுக்குப் பை தூக்க விழுந்தவர் வீரக்கோன் ஐயா.

அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு நானும் கூடவே நடந்தேன். மாசி மாத வெயில். தரை கல்லாக இருந்தது. ஐயா வீட்டிலேயே மேசையில் போட்டுப் பார்த்துத் தெரிந்தெடுத்த மர டீகளை ஒரு துணிப் பையில் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு மேடையிலும் ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் மல்லிகாவுக்கு நீட்டுவார். இந்தத் தரையில் அவை அடிக்கு ஒன்றாக முறிந்தன. அவர் கவலைப்படவில்லை. அவள் அடித்த பிறகு மட்டையைத் துடைத்தார், பந்து போன திசையைக் கையால் காட்டினார், அவள் குனிந்து குறி பார்க்கும்போது தன் நிழல் பந்தில் விழாமல் தள்ளி நின்றார். நாற்பது வருடம் அவருக்கு மற்றவர்கள் செய்ததை எல்லாம் கவனித்து வைத்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கடைசிக் குழிக்கு வந்தபோது மல்லிகாவும் போன வருடம் வென்ற ரஞ்சித்தும் எண்ணிக்கையில் சமம்; ஆகக் குறைந்த அடியில் முடிப்பவருக்குத்தான் வெற்றி. அது ஒரு குட்டைக் குழி. இடையில் ஒரு பள்ளம், அதைத் தாண்டிப் போட்டால் போதும். மைதானத்து ஆட்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். காலை பஸ்ஸில் ஹுன்னஸ்கிரியவிலிருந்து வந்த மல்லிகாவின் அக்காவும் அவளோடு மலையில் வேலை செய்கிற ஆறு பேரும் ஒரு குடைக்குக் கீழே நெருக்கி நின்றார்கள். ரஞ்சித் முதலில் அடித்தான். பந்து பள்ளத்தைத் தாண்டி விழுந்தது, ஆனால் குழியிலிருந்து நல்ல தூரம்.

மல்லிகா மேடையில் ஏறினாள். வீரக்கோன் ஐயா துணிப் பைக்குள் கையை விட்டு, இருந்த கடைசி டீயை எடுத்து நீட்டினார். "சட்டம் கிடக்கட்டும், இந்தத் தரைக்குப் பிளாஸ்டிக்கைக் குத்து!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். "வாயை மூடு, மரம்தான்!" என்று இன்னொருவர். மல்லிகா இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். காலடியில் யாரோ முறித்துவிட்டுப் போன பாதி டீ ஒன்று கிடந்தது. குனிந்து அதை எடுத்து, பெருவிரலால் மண்ணில் அழுத்தி, பந்தை வைத்தாள். ஐயா நீட்டிய கை அப்படியே நின்றது.

அவள் அடித்த சத்தம் சின்னதாக இருந்தது. பந்து மட்டும் உயரப் போனது, பள்ளத்துக்கு மேலே ஒரு கணம் நின்றது போல இருந்தது, இறங்கியது, ஒரு தரம் துள்ளியது, உருண்டது. குழிக்கு ஒரு கை நீளத்தில் போய் நின்றது. குடைக்குக் கீழேயிருந்து எழுந்த கூச்சல் நீர்த்தேக்கத்துக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும். ரஞ்சித்துக்கு இன்னும் இரண்டு அடி தேவைப்பட்டது. மல்லிகாவுக்கு ஒன்று. தட்டினாள், விழுந்தது. ரஞ்சித்தே முதலில் ஓடிவந்து கை கொடுத்தான். அக்கா அழுதுகொண்டு நின்றாள். வீரக்கோன் ஐயா தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு, பையைத் தோளிலிருந்து இறக்காமலே, என்னுடைய டீயை ஏன் வாங்கவில்லை, அதில் ஏதும் குறையா என்று அவளிடம் கேட்டார். உண்மையாகவே மனம் நொந்துதான் கேட்டார்.

"ஐயோ இல்லீங்க ஐயா, ஒங்க டீ தங்கம். இந்தக் குழிக்கு ஒசரம் வேணாம், பாதி போதும்; முழுசா ஒன்ன எதுக்கு ஒடைக்கிறது?"

இத்தனை பேருக்கு இத்தனை டீ விற்றும் இன்றுவரை ஒன்றைக்கூடத் தரையில் குத்திப் பந்தை வைத்துப் பார்க்காததால்தான், இரண்டு கட்சிக்காரரும் என்னைத் தங்கள் கட்சி என்று நினைத்துக்கொண்டு வாங்கிப் போகிறார்கள்.